ரயில்வே கேட்டில் தங்கிய உயரம்

பெர்பெட்டுவாவை ஏற்றிக்கொண்டு போன பேருந்து தாழைவிளை ரயில்வே கேட்டைத் தாண்டிய நொடியில், அவளுடைய உயரம் மட்டும் கூடப் போகாமல் ஊரிலேயே நின்றுவிட்டது. நின்ற உயரம் அக்கம்பக்கம் பார்த்து, கையில் டீ கிளாசுடன் சாலையோரம் நின்றிருந்த பரோட்டா மாஸ்டர் சுடலைமுத்துவின் மேல் ஏறிக்கொண்டது. பாதி டீ குடித்திருந்தபோது ஐந்தடி நான்கு அங்குலமாக இருந்தவர், மீதியைக் குடித்து முடித்தபோது ஆறடி இரண்டு அங்குலமாக இருந்தார். கைலி முழங்காலுக்கு ஏறியிருப்பதைப் பார்த்து, "பத்தாது போலிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிளாசைக் கழுவிவைத்து, மாவு பிசையப் போனார். இருட்டுவதற்குள் ஊர் மொத்தமும் அவரைப் பார்த்துவிட்டது. பரோட்டா முன்னைவிட அகலமாக வருகிறது என்பதுதான் அன்றைக்குப் பெரிய பேச்சு.

பெர்பெட்டுவா ஏன் போனாள் என்பதைப் பொறுமையாகச் சொன்னால்தான் விளங்கும். தெற்கே எட்டு ஊர்களில் ஊருக்கு ஒன்றாகப் பெண்கள் கூடைப்பந்து அணிகள் இருந்தன. ஆடுகிற பெண்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, ஆட்டத்துக்கு டிக்கெட் உண்டு, தொலைக்காட்சியில் காட்டுவதும் உண்டு. தாழைவிளை அணியை உப்பள முதலாளி ஒருவர் நடத்திவந்தார். அந்த அணி எட்டில் மூன்றாவதாக வந்தது. ஊர் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள், முதலாளி வெளியூரிலிருந்து பரத்சந்தர் என்ற மேலாளரை வரவழைத்துவிட்டார். அவர் மடிக்கணினியைத் திறந்து, உலகத்திலேயே கேடான இடம் மூன்றாம் இடம்தான் என்று நிரூபித்தார். முதலாவதாக வந்தால் கோப்பை கிடைக்கும். கடைசியாக வந்தால், வருடக் கடைசியில் கல்லூரிகளிலிருந்து வரும் புதுப்பெண்களில் யார் வேண்டும் என்று முதலில் கைகாட்டும் உரிமை கிடைக்கும். மூன்றாவதாக வந்தால் என்ன கிடைக்கும்? கைத்தட்டல். கைத்தட்டலை வைத்து என்ன செய்வது என்று அவர் கேட்டார்; ஊர் அதற்கும் கைதட்டியது.

ஆகவே அணியைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும் என்றார். நன்றாக ஆடுகிறவர்களை வேறு ஊர்களுக்குக் கொடுத்து, அந்த ஊர்கள் வருங்காலத்தில் கைகாட்டப்போகும் உரிமைகளை வாங்கிக்கொள்ள வேண்டும்; நன்றாக ஆடுகிறவர்கள் போய்விட்டால் அணி தானாகத் தோற்கும்; தோற்றால் நம்முடைய உரிமையும் முதல் உரிமையாகும்; இப்படி உரிமைமேல் உரிமையாகச் சேர்ந்து, ஒருநாள் யாராலும் வெல்ல முடியாத அணி உருவாகும். "நாம தோற்கலை, சேமிக்கிறோம்" என்று அவர் சொன்னதை மைதானத்துச் சுவரில் நீலப் பெயின்டில் எழுதிவைத்தார்கள்.

முதலில் பெர்பெட்டுவா போனாள், பிறகு ரமணி போனாள், பிறகு பொன்செல்வி போனாள். ரமணியின் உயரம் இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கும், பொன்செல்வியின் உயரம் ரேஷன் கடையில் சர்க்கரை நிறுப்பவருக்கும் வாய்த்தன. பெர்பெட்டுவாவை வாங்கிய ஊர்க்காரர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, ஆறடி இரண்டு அங்குலம் என்று சொல்லி ஐந்தடி நான்கு அங்குலத்தை அனுப்பியிருக்கிறீர்களே என்று கத்தினார்கள். பரத்சந்தர் ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாகப் படித்துக்காட்டினார்: வீராங்கனை என்றிருந்தது, உயரம் என்று எங்கும் இல்லை. மற்ற ஊர்கள் இதைக் கேள்விப்பட்டும் வாங்குவதை நிறுத்தவில்லை, ஏனென்றால் அந்த ஊர்களிலும் மேலாளர்கள் இருந்தார்கள், அவர்களிடமும் மடிக்கணினிகள் இருந்தன, நாங்கள் உயரத்தையா பார்க்கிறோம், உள்ளே இருக்கும் திறமையைத்தான் பார்க்கிறோம் என்று அவர்களும் சொன்னார்கள்.

வந்து சேர்ந்த உரிமைகளும் சும்மா இருக்கவில்லை. முதல் வருடம் கைகாட்டும் முறை வந்தபோது, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்ணொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் பந்து வளையத்தில் விழும், எதிரே வந்து நின்றாள். பரத்சந்தர் அவளைக் கைகாட்டவில்லை. அந்த முறையை அடுத்த வருடத்து முறைகள் இரண்டுக்கு மாற்றிக்கொண்டார். ஒன்றைக் கொடுத்து இரண்டு வாங்கி வந்தவரை ஊர் மேளம் வைத்து வரவேற்றது.

மணிப்பூரிலிருந்து வந்து ஆடிக்கொண்டிருந்த லின்தோய் ஒருத்தி மட்டும் தன் உயரத்தோடேயே கேட்டைத் தாண்டிப் போனாள். அந்தப் பக்கத்து உயரத்துக்கு நம் ஊர் அரிசி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் முடிவுசெய்தது.

தாழைவிளை இந்தப் புது வரவைப் பழகிக்கொண்ட வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். தச்சர்கள் கதவு நிலைகளை உயர்த்தினார்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு மிக அருகில் நிற்பவனுக்குத்தான் உயரம் கிடைக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். போலீஸ் தேர்வில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போதாமல் திரும்பிவந்த பையன்களின் வீடுகளெல்லாம் சேர்ந்து வழியனுப்புக் குழு ஒன்றைத் தொடங்கின. முன்பெல்லாம் ஆடிவிட்டு வரும் பெண்களுக்கு ஒரு சோடா வாங்கித்தர ஆளில்லாத ஊரில், இப்போது விற்கப்பட்டுப் போகும் பெண்ணுக்கு ரோஜா மாலை, கொட்டுமேளம், கண்ணீர் எல்லாம் ஏற்பாடாயின. போகிற பெண்கள் நம்மேல் இவ்வளவு பாசமா என்று உருகிப்போனார்கள். கேட்டைத் தாண்டியதும் ஜன்னல் கம்பிக்குக் கீழே போய்விடுவார்கள்.

கடைசியில் பழைய அணியில் மிஞ்சியவள் இசக்கியம்மாள் ஒருத்திதான்.

இசக்கியம்மாள் ஆறடி ஒரு அங்குலம். இந்த ஊரில் ஒரு பெண் ஆறடி ஒரு அங்குலமாக வளர்வது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்குப் பத்து வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பள்ளியில் கொடிக்கம்பம் என்றார்கள். தெருவில் போனால், மேலே மழை வருதா பாரு என்றார்கள். அவள் அம்மா செண்பகவடிவு பாலை நிறுத்தினாள், முட்டையை நிறுத்தினாள், தலையில் பாரம் ஏற்றினால் வளர்ச்சி அமுங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தினமும் இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாகச் சுமக்கவைத்தாள். கழுத்து உறுதிப்பட்டதுதான் மிச்சம். பெண் பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, காபியைக் குடித்து, சாமிகிட்ட கேட்டுச் சொல்லுதோம் என்று போனார்கள். கூடைப்பந்து மைதானத்தில்தான், வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவளைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் எக்கு என்று சொன்னார். அன்றிலிருந்து அவள் நிமிர்ந்து நடந்தாள். அந்த ஆறடி ஒரு அங்குலத்தைத் தவிர அவளுக்கென்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை, வேறு எதுவும் தேவைப்படவும் இல்லை.

நாலு கற்றுக்குட்டிகளை வைத்துக்கொண்டு ஆடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பெரிய தவறு செய்தாள். கடைசி நொடியில் பந்து கைக்கு வந்தது, வளையத்தில் போட்டாள், அணி ஜெயித்துவிட்டது.

"எட்டி இசக்கி, கொள்ளி வச்சிட்டியே!" என்று மேல்படியிலிருந்து ஒரு பெண் மாரில் அடித்துக்கொண்டாள். "மொத உரிமை போச்சே! இனி எம்பிள்ளையளோட வருங்காலம் என்ன ஆவும்?"

மறுநாள் பரத்சந்தர் அவளை அறைக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்.

"அந்தக் கடைசிப் பந்தை நீங்க எதுக்காகப் போட்டீங்க, இசக்கி?"

"வளையம் பக்கத்துல இருந்துச்சு சார்."

"பக்கத்துல இருந்தா போட்டுடறதா? ஒரு திட்டம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"கையில பந்து இருந்துச்சு சார். பந்த வச்சிக்கிட்டு வேற என்ன செய்யதுன்னு தெரியல."

அவர் வருத்தத்தோடு எழுந்தார். பிறகு வெள்ளைப் பலகையில் அவள் பெயரை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மூன்று அம்புக்குறிகளைப் போட்டார். நீலமலை ஊர் அணிக்கு அவளைக் கொடுத்து, மூன்று வருங்கால உரிமைகள் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது உரிமை மிகத் தொலைவில் இருந்தது. அப்போது கைகாட்டப்போகும் பெண் இப்போது ஒன்றாம் வகுப்பில்தான் படித்துக்கொண்டிருப்பாள். எந்த ஊர், எந்தப் பள்ளி, என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு வளர வேண்டும் என்று அம்மன் கோயிலில் கூட்டு வழிபாடு நடந்தது. இசக்கிக்கு நிறுத்திய பாலையும் முட்டையையும் வாழ்த்திக் கொடுக்க ஊருக்கு ஒருவழியாக ஒரு பிள்ளை கிடைத்துவிட்டது.

அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே செண்பகவடிவு பேச்சை எடுத்தாள். பக்கத்தில் இசக்கியின் தம்பி வேல்ராசு குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் போலீஸ் தேர்வுக்கு இரண்டுமுறை போய், இரண்டுமுறையும் அளவுகோலிடம் தோற்றுத் திரும்பியவன்.

"பஸ் ஏறுத இடத்துல தம்பிய உம்பக்கத்துலயே நிப்பாட்டிக்கோ. குழுவுல சொல்லியாச்சி. மத்தவனுவள ஒதுங்கச் சொல்லிட்டாவ" என்றாள்.

"என்னம்மா சொல்லுத?"

"உனக்கு அது எதுக்குட்டி? இத்தன நாளா அத வச்சி என்னத்தக் கண்ட? அது போச்சின்னா நீயும் நாலு பிள்ளையள மாரி ஆயிருவ. ஒரு மாப்பிள்ள பாக்கலாம். இவனுக்கும் வேல ஆயிரும். ஒரே கல்யாணச் செலவோட ரெண்டு காரியம்."

"நான் அங்க போயி ஆடணும்லா? கூப்பிடுததே அதுக்குத்தான?"

"ஆடுனா ஆடு, ஆடாட்டிப் போ. பெர்பெட்டுவா இப்ப ஆடவா செய்யுதா? சேலக்கடையில நிம்மதியா நிக்கா."

இசக்கி தம்பியைப் பார்த்தாள். "ஏலேய், நீ என்னல சொல்லுத?"

வேல்ராசு சாம்பாரைப் பிசைந்தான். "நான் என்னத்தச் சொல்ல? அம்மா கேக்கவா போறா" என்றான். கொடியில் அவனுக்காக ஒரு காக்கி பேன்ட் காய்ந்துகொண்டிருந்தது. அது ஏற்கெனவே ஆறடி ஒரு அங்குல ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்டிருந்தது.

இசக்கி போவதற்கு முந்தின நாள் பெர்பெட்டுவா அவளைப் பார்க்க வந்தாள். வந்தாள் என்றால் ஊருக்குள் வரவில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். விற்கப்பட்டுப் போனபின் அவள் முதல்முறை ஊருக்குத் திரும்பி வந்தபோது, அவள் பரோட்டாக் கடையை நெருங்க நெருங்கச் சுடலைமுத்து அங்குலம் அங்குலமாகக் குறைய ஆரம்பித்தார். கடையைச் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடித்தான் அவர் மீதியைக் காப்பாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு வழியனுப்புக் குழு கூடி, வழியனுப்பப்பட்டவர்கள் யாரும் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. மாலை போட்டு அனுப்பிய கைகளே கேட்டில் முறைவைத்துக் காவல் இருந்தன. அன்றைக்குக் காவல்முறை இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு; அவர் கொஞ்சம் தள்ளி, ரமணியின் உயரத்தோடு, தொலைபேசியில் யாருக்கோ பாலிசி விளக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படிட்டி இருக்க?" என்று கேட்டின் இந்தப் பக்கத்திலிருந்து இசக்கி கேட்டாள்.

"எனக்கென்ன. பஸ்ல உக்காந்தா முழங்கால் முன்சீட்டுல இடிக்கமாட்டேங்கு. கடையில மேல்தட்டுச் சேலய ஸ்டூல் போட்டு எடுக்கேன். சுடலமுத்தண்ணன் சொகமா இருக்காவளா?"

"இருக்காவ. பரோட்டா இப்ப நல்ல அகலம்."

"இருக்கட்டும். போவயில அவியகிட்டதான் கடைசியாச் சொன்னேன். 'அண்ணே, போய்ட்டு வாரேன்'னு. ஒரு டீ வாங்கித் தந்தாவல்லா, சொல்லாமப் போவ மனசு வரல."

இசக்கி இன்சூரன்ஸ் ஏஜென்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரமணி யாருகிட்டச் சொன்னா, தெரியுமா?"

"இந்தா நிக்காவல்லா, பாலிசி, இவியகிட்டதான்னு அவளே போன்ல சொன்னா. ஏன் கேக்க?"

"பொன்செல்வி ரேஷன் கடக்காரர்கிட்ட சொன்னா. நான் பக்கத்துல நின்னேன். லின்தோய்?"

"அவளுக்குத் தமிழே தெரியாதேட்டி. ஆருகிட்டச் சொல்லுவா? அழுதுக்கிட்டே ஏறிட்டாளாம்லா."

பெர்பெட்டுவாவுக்குத்தான் முதலில் விளங்கியது.

"அப்ப அது பக்கத்துல நிக்கவன பாத்து ஏறல. வாரேன்னு சொன்னோம்லா, அத நம்பி நின்னுருக்கு. சொன்ன ஆளுகிட்டயே காத்துக்கிட்டு நிக்கி." அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பாவம்ட்டி அது. நம்மள வரவிடமாட்டாவன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லாமலே போயிருதேன்."

"சொல்லாமப் போவ உங்கம்மா விட்டிருவாளா?"

விடமாட்டாள் என்று இசக்கிக்கும் தெரியும். தாழைவிளையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவள் சொல்லாமல் கிளம்ப முடியாது. அடுத்த தெருக் கடைக்குப் போனாலும் போய்ட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். மொட்டையாகப் போறேன் என்று சொல்வது, திரும்பாத பயணம் போகிறவர்களுடைய சொல். அதைச் சிறுபிள்ளை தெரியாமல் சொன்னால்கூட வாயில் அடித்துத் திருத்திவிடுவார்கள். அந்த ஊரில் வளர்ந்த யாரும் வளர்ந்தபின் அதைச் சொன்னதில்லை.

மறுநாள் கேட்டருகில் இதுவரை காணாத கூட்டம். உள்ளூர் உயரங்களிலேயே கடைசி உயரம் அல்லவா? கொட்டுமேளக்காரர் கூட ஒரு கண்ணைப் பஸ் படிமேல் வைத்துக்கொண்டுதான் அடித்தார். பஞ்சாயத்துத் தலைவர், பெற்ற மகளைப் பிரிவதுபோல் இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். பரத்சந்தர் வருங்காலத்தைப் பற்றிப் பேசினார். வேல்ராசு காக்கி பேன்ட்டைக் கணுக்காலில் நாலு மடிப்பு மடித்துவிட்டு, படிக்குப் பக்கத்தில், அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

இசக்கி மாலையோடு படியில் ஏறினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டுப் போட்டி."

இசக்கி மறுகையைப் பைக்காக நீட்டினாள்.

"ஊமையா நீ? பெத்தவகிட்ட, கூடப்பெறந்தவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போனா வெளங்குமா? தம்பியப் பாத்துச் சொல்லு."

டிரைவர் இரண்டுமுறை ஹாரன் அடித்தார். அம்மா கையை விடவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தக் கை விடப்போவதில்லை. இசக்கி அம்மாவின் உச்சி வகிட்டைப் பார்த்தாள், நரைத்திருந்தது. தினமும் மேலிருந்து அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். இனி பார்க்க முடியாது. இந்த ஊரில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது, ஒரு மைதானம் இருந்தது, கொடிக்கம்பம் என்று கூப்பிட்ட தெரு இருந்தது, அதெல்லாம் ஒரு பக்கம். ஆறடி ஒரு அங்குலம் ஒரு பக்கம்.

"போறேம்மா" என்றாள்.

மேளம் நின்றது. ஒலிபெருக்கியில் தலைவர் பாதியில் நிறுத்தினார். செண்பகவடிவு மகளின் வாயைப் பொத்த எக்கினாள்; எட்டவில்லை.

"எட்டி, அப்படிச் சொல்லாத! வாரேன்னு சொல்லு! நல்ல வார்த்தையாச் சொல்லிட்டுப் போ!"

"போறேன். எலேய் வேலு, பைய குடு. போறேன்."

வேல்ராசு பையைக் கொடுத்தான். கொடுக்கும்போது ஒருகணம் அவன் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. பேருந்து நகர்ந்தது, கேட்டைத் தாண்டியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேல்ராசுவைப் பார்த்தது. மடித்த பேன்ட் மடித்தபடியே இருந்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், முதுகோடு முதுகு வைத்து அளந்துகொண்டார்கள், ஒருவேளை குழந்தைகள்மேல் ஏறியிருக்குமோ என்று இடுப்பிலிருந்த பிள்ளைகளைத் தூக்கிப்பார்த்தார்கள். யாரும் ஒரு நெல்மணி அளவுகூட வளர்ந்திருக்கவில்லை. பரத்சந்தர் ஒலிபெருக்கியை வாங்கி, உயரம் தொலைந்துவிடவில்லை, வருங்காலத்தில் வந்து சேரும், பொறுமை வேண்டும் என்றார். கூட்டம் பழக்கதோஷத்தில் கைதட்டியது.

செண்பகவடிவு மட்டும் தண்டவாளம்வரை ஓடினாள். ஊர்க் காவல் முறைக்காரர் மறித்தார். அவள் அங்கிருந்தே, பேருந்துக்குக் கேட்கிறதோ இல்லையோ, "குனிஞ்சு உக்காருட்டி, தல இடிக்கும்!" என்று கத்தினாள்.

கேட்டது. இசக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள், குனியவில்லை. ரொம்ப தூரம் போனபிறகு, டிரைவர் மேலே இருந்த கண்ணாடியில் பார்த்து எரிச்சலோடு குரல் கொடுத்தார்.

"யாரும்மா அது, அவ்வளவு சீட்டு காலியாக் கெடக்கையில நட்ட நடுவுல நிக்கது? பின்னால வார வண்டி தெரியல, உக்காரு!"

"உக்காந்துதாண்ணே இருக்கேன்" என்றாள் இசக்கியம்மாள்.